அட்டையில் பரளச்சி

1946 ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து காற்று. முற்றம் பூராவும் கரிசல் புழுதி. இரண்டு தடவை பெருக்கியும் பிரயோஜனம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள்தான். மீதி மாடு மேய்க்க.

இவர் இன்றைக்கும் பின்வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். ரத்தம் இல்லை, வீக்கம். மஞ்சள் பத்துப் போட்டேன். ரூத் பக்கத்தில் நின்றுகொண்டு, "நிலை அங்கதானப்பா இருக்கு" என்கிறாள். நாலு வயது. அவளுக்கு விளங்க மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "எஸ்தர், இந்த வீடு எப்படி இருக்கு?"

"ரெண்டு ரூம்பு, அடுப்படி, முற்றம்."

"அது தெரியும். எப்படி இருக்கு?"

யோசித்தால், இவர் பட்டாளத்துக்குப் போகிறபோது நாங்கள் அருப்புக்கோட்டையில் அப்பா வீட்டில். எனக்கு இங்கே பரளச்சியில் வேலை கிடைத்தது போன வருஷம். பர்மா பக்கம் பெட்ரோல் பீப்பாய் வெடித்து இவர் கண் இரண்டும் போனது அதற்கும் முந்தி. வந்து இரண்டு மாதமாகக் குடியிருக்கிற வீட்டை, ஊரை, இவர் பார்த்ததே இல்லை. தெரிந்த விஷயம்தான். இன்றைக்குத்தான் உறைத்தது.

பரணில் காலி சோப்புப் பெட்டி ஒன்று, அட்டை. எடுத்துப் பிரித்தேன். பிரித்தால் ஒரே துண்டு! ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் பசை. மற்றதெல்லாம் மடிப்பு. எவர் யோசித்தாரோ.

விளக்கு வைக்கு முன்னே சுவர் நாலும் வெட்டியாயிற்று.

ஜூலை 9, செவ்வாய்

கஞ்சிப் பசை. பிரயோஜனமில்லை. காலையில் பார்த்தால் எறும்பு ஊர்கிறது, ஒரு சுவர் சாய்ந்து கிடக்கிறது. ரேஷன் அரிசிக் கஞ்சியை எறும்புக்கு வார்த்த மாதிரி.

புளியங்கொட்டை ஊறப் போட்டேன். அரைத்துக் காய்ச்சி, மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட வேண்டும். எலியும் எறும்பும் அண்டாது. ரூத் கை வைக்காமல் பார்க்கணும், விஷம்.

மண்ணெண்ணெய் இந்த வாரம் கிடையாதாம்.

ஜூலை 11, வியாழன்

வீடு நின்றுவிட்டது. கூரை தனி, தூக்கி வைக்கலாம். கதவு இரண்டும் திறந்து மூடும், மடிப்புதான் கீல்.

இவர் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் விரல் போய்ப்போய் வந்தது. நிலையைத் தொட்டதும், "இவ்வளவு தாழவா?" என்று சிரித்தார். வந்ததிலிருந்து இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"அடுப்படி இந்தப் பக்கமா?"

"ஆமா."

"நான் அந்தப் பக்கம்னு வச்சிருந்தேன்."

கேட்கக் கேட்க வருகிறது. இத்தனை நாளும் இவர் வேறொரு வீட்டில் குடியிருந்திருக்கிறார். அந்த வீட்டுக்கு ஜன்னல் கிழக்கே. முற்றம் நீளம். மச்சுப்படி கூட உண்டாம். "மச்சு ஏது?" என்றேன். "கோழி மேல இருந்து கத்துச்சு, மாடின்னு நெனச்சேன்." கோழி ஏறி நிற்பது குட்டிச்சுவர்.

அந்த வீட்டை எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. சொல்லச் சொன்னேன். நல்ல வீடு. எங்கள் வீட்டைவிடப் பெரியது.

ஜூலை 13, சனி

இனி தெரு வேணுமாம். ஏன் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

காலையில் வெளிக்குப் போக நான்தான் கைபிடித்துக் கூட்டிப் போகிறேன், உடைமரங்கள் அடர்ந்த உடங்காடு வரை. நான் திரும்பி நிற்பேன். பெண்டுகள் போகிற பாதை ஒரு பக்கம், ஆம்பளைகள் ஒரு பக்கம். நான் எந்தப் பக்கமும் இல்லை. "தனியாப் போயிட்டு வந்துட்டா எனக்குப் போதும் எஸ்தர். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

சரி என்றேன்.

கையில் இருக்கிறது:
சோப்புப் பெட்டி, இன்னும் கொஞ்சம்
சிலேட்டுக்குச்சி வந்த பெட்டிகள் (பள்ளிக்கூடம், தலைமை ஆசிரியரிடம் கேட்டு)
காலண்டர் அட்டை, போன வருஷத்தது
பனியன் பெட்டி
இவர் சாமான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரிய பெட்டி

கடைசிப் பெட்டியை வெட்ட மனசு வரவில்லை. இவரே, "வெட்டு. அதுல என்ன இருக்கு, மருந்து நாத்தம்தான்" என்றார். வெட்டினால் உள்ளே அதிசயம். இரண்டு தாளுக்கு நடுவில் வரிவரியாக ஒரு தாள், உழுத சால் மாதிரியே. மேல்தாளைத் தண்ணீர் தொட்டு உரித்துக் கொடுத்தேன்.

"புஞ்சை!" என்றார் விரல் பட்டதும். நான் சொல்லவே இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஜெபம் வீட்டிலேயே. அ.கோட்டையிலிருந்து அப்பா பஸ்ஸில் வந்தார். தையல் கடையிலிருந்து நூல்கண்டுப் பெட்டிகள், ஒரு பை நிறைய. "விளையாடுற வயசா ரெண்டு பேருக்கும்" என்று ஆரம்பித்தவர், சாப்பிட்டுவிட்டு அவரே உட்கார்ந்து ஓட்டு வீட்டுக்கு அட்டையில் மடிப்பு எடுத்துக் கொடுத்தார். தையல்காரர் கை. ஒரு கோடு பிசகவில்லை.

ஆள் உயரத்துக்கு ஒரு தீக்குச்சி என்று அளவு வைத்துக்கொண்டோம். ரூத் ஒரு குச்சியை எடுத்து, "இது அப்பா" என்று தெருவில் நடத்தினாள். குச்சி அப்பா கடையில் கருப்பட்டி வாங்கித் தந்தாராம்.

பெரிய பெட்டியின் அடி அட்டைதான் பலகை. அதில் தெருவுக்கு மணல் தூவி ஒட்டியாயிற்று. கண்மாய்க் கரைக்கு, மடித்த அட்டை மேட்டின் மேல் கிழிந்த கோணி. கண்மாய்க்குள் தண்ணீர் வைப்பதா, வேண்டாமா? மெழுகுத்தாள் ஒரு துண்டு தயாராக இருந்தது. வழவழப்பு. "இப்ப தண்ணி கெடக்கா?" என்றார். இல்லை, பாளம் பாளமாக வெடிப்பு. "அப்ப வெடிப்ப வை."

ஜூலை 16, செவ்வாய்

கோயில் கூரை எத்தனை பக்கம் சரிவு? கடை வாசலில் படி உண்டா? வேப்பமரம் பாதைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இவர் கேட்கிறார், எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக நடக்கிற தெரு. கண் இருந்து என்ன பார்த்தேன்?

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டு வந்தேன். தெரு நேர் என்று நினைத்திருந்தேன். நேரே இல்லை. கடைக்கிட்டே ஒரு வளைவு, முழங்கை மாதிரி.

ரூத்துக்குச் சளி. ஓமம் வறுத்துக் கட்டினேன்.

ஜூலை 17, புதன்

தெரு முடிகிற இடத்தில் பெரிய வீடு, ராமசாமி அண்ணாச்சி வீடு. அந்த வீட்டுக்குப் பின்னாலே போய்த் திரும்பினால் உடங்காட்டுக்குக் குறுக்குப் பாதையாம். நாங்கள் போகிறது சுற்றுப் பாதை, முன்பக்கமாக. வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சுவர் மறைக்கிறது.

அவர் சம்சாரம் சீனியம்மா எரு தட்டிக்கொண்டிருந்தது. நல்ல மனுஷி. ரூத்துக்குத் தினம் ஒரு செம்பு மோர் அந்த வீட்டிலிருந்துதான். கேட்டேன்: "மதினி, உங்க வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?"

கை நின்றுவிட்டது. "எதுக்குக் கேக்குறீக டீச்சர்?"

"சும்மாதான். அளவுக்கு."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. "என்ன அளவு?" என்றது. முகம் வேறு. நான் அட்டை, வீடு என்று என்னவோ சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டது.

ஜூலை 19, வெள்ளி

இரண்டு நாளாக மோர் இல்லை.

த.ஆ. இடைவேளையில் கூப்பிட்டுச் சொன்னார்: "ஊருக்குள்ள ஒரு பேச்சு அடிபடுதும்மா. நீங்க வீடுவீடாக் கணக்கெடுத்துப் படம் போடுறீகளாம். தானியக் கொள்முதல் ஆபீசருக்குக் கொடுக்கிறதுக்கு. எந்த வீட்ல குலுக்கை எங்க இருக்குன்னு."

சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. போன தையில் கொள்முதல்காரர்கள் வந்து கம்பையும் சோளத்தையும் தானியக் குலுக்கையை உடைத்து அள்ளிக்கொண்டு போனது எனக்கும் தெரியும். சர்க்கார் பென்ஷன் வாங்குகிற பட்டாளத்துக்காரர் வீடு, படித்த பொம்பளை, நின்று நின்று பார்த்துக்கொண்டு போகிறாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இனி யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

முடித்துவிட்டேன். தெரிந்த வரைக்கும். எங்கள் வீடு, தெரு, முழங்கை வளைவு, கடை, கோயில், பெரிய வீடு, உடங்காட்டுக்குக் காய்ந்த முள் குத்தி வைத்தது, கண்மாய். பெரிய வீட்டுக்குப் பின்னால் மட்டும் வெறும் அட்டை. தெரியாததை எப்படி ஒட்ட?

இவர் நாள் பூராவும் பலகையும் கையுமாகத்தான். கேட்டால், "நடந்துட்டு வாரேன்" என்கிறார்.

ஜூலை 23, செவ்வாய்

இதை எழுதிவிட வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில். ரூத் என்னுடன். இவர் தனியாக, கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். தெரு, வளைவு, கடை, எல்லாம் சரியாக. பெரிய வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு போய், சுவர் முடிந்ததும் சுற்றுப் பாதையை விட்டுக் குறுக்கே இறங்கிவிட்டார்.

அங்கே கமலைக் கிணறு. தோட்டத்துக்கு மாடு கட்டி இறைக்கிற கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. மத்தியானம், மாடு இல்லை, ஆளில்லை, சத்தமும் இல்லை.

சீனியம்மா படப்பிலிருந்து வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்ததாம். பார்த்ததும், "நில்லுங்க! அசையாதீக! அப்படியே நில்லுங்க!" என்று கத்தியிருக்கிறது. இவர் நின்றுவிட்டார். பட்டாளத்துப் பழக்கம், நில் என்றால் நிற்கிறது. கம்பு முன்னே காற்றில் தொங்கியிருக்கிறது. சீனியம்மா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்து, வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறது. அடுத்த வீட்டு ஆம்பளை கையை, தெரு பூராவும் பார்க்க.

பையன்கள் ஓடி வந்து சொன்னார்கள். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

இவர் கட்டிலில். முகம் வெளுத்து. நான் கத்தினேன். என்னவெல்லாமோ சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு இவர் மெதுவாகச் சொன்னார்: "நீ அங்க ஒண்ணும் ஒட்டல. வெறும் அட்டையா இருந்துச்சு. பொட்டல்னு நெனச்சேன்."

எனக்கு அந்த இடம் தெரியாத இடம். இவர் விரலுக்கு அது சமதரை.

எத்தனை யோசித்தேன், மணலா கோணியா, முள்ளா மெழுகுத்தாளா என்று. இதை யோசிக்கவில்லை.

பலகையை அடுப்பில் வைத்துவிடலாம் என்று தூக்கினேன். "வைடி கீழ" என்றார். 'டி' போட்டுப் பேசி வருஷக்கணக்காயிற்று. வைத்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

லீவு சொல்லிவிட்டேன். காலையில் ராமசாமி அண்ணாச்சி வந்தார். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். பின்னால் சீனியம்மா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு.

நான் வாயெடுக்கு முன்னே, "அந்தப் படத்த நான் பாக்கணும்" என்றார்.

பலகையைக் கொண்டுவந்து வைத்தேன். படம் என்றால் தாள் என்று நினைத்திருப்பார் போல. குனிந்தவர் நிமிரவில்லை. கோயிலைத் தொட்டார். கடையைத் தொட்டார். தன் வீட்டின் கூரையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை, சோப்புப் பெட்டியின் உள்பக்கம்தான்.

"குலுக்கை எங்க?" என்றார்.

"அது எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

சீனியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டது. சிரிப்பு.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. வெறும் அட்டையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தார். "நேத்து இங்கயா போனாக?"

"ஆமா."

"இவ சொல்லியிருந்தா வந்திருக்காது" என்று சம்சாரத்தைப் பார்த்தார். அது உடனே, "சொல்லாதேன்னு வாயடச்சது யாரு?" என்றது.

பிறகு இவர் கட்டிலிலிருந்து இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். "அண்ணாச்சி, கெணறு எவ்வளவு தூரம் சுவத்துல இருந்து?"

அவர் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். கிணறு இங்கே, வாய் இவ்வளவு அகலம். மாடு பின்னால் வந்து திரும்புகிற வாரி அந்தப் பக்கம். படப்பு இங்கே. தொழுவம். பூவரசு. கிணற்றுக்கு என்ன வைப்பது என்று யோசித்தேன். இவர், "ஓட்டை போடு" என்றார். பலகையிலேயே வட்டமாக வெட்டி எடுத்தேன். விரல் உள்ளே போகிறது. போனதும் இவர் வெடுக்கென்று விரலை எடுத்துவிட்டார். பிறகு மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

போகும்போது அண்ணாச்சி: "டீச்சர், எங்க வீடு இதவிடப் பெருசு. கடைக்காரன் வீடும் எங்க வீடும் ஒரே உசரமா இருக்கு பாருங்க. சரி பண்ணிருங்க."

மத்தியானம் மோர் வந்தது. இரண்டு செம்பு.

ஜூலை 26, வெள்ளி

இவர் ஒரு யோசனை சொன்னார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒரு மாதிரி, தெரியாத இடம் ஒரு மாதிரி இருக்க வேணும். தெரியாத இடத்திலெல்லாம் உப்புத்தாள் ஒட்டு, தச்சு வேலைக்குத் தேய்க்கிற தாள். கை பட்டதும் நின்றுவிடுவாராம்.

ஒட்டினேன். ஒட்ட ஒட்டப் பார்க்கிறேன், பலகையில் பாதிக்கு மேல் சொரசொரப்பு. இவ்வளவுதானா எனக்கு இந்த ஊர் தெரியும்?

ஜூலை 28, ஞாயிறு

யார் சொன்னார்களோ. ஜெபம் முடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள். கடைக்காரர் டீத்தூள் அட்டைப்பெட்டி கொண்டுவந்திருக்கிறார், தன் கடைக்குப் பந்தல் போட வேண்டுமாம். ஒரு கிழவர், "எங்க களத்த எங்கம்மா காணோம்?" இரண்டு பெண்கள் தங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கீலே பிய்ந்துவிட்டது. ஒட்டிக் கொடுத்தேன்.

ஒவ்வொருவர் சொல்லவும் ஒரு துண்டு உப்புத்தாளை உரித்தேன். கள்ளிவேலி. இடிந்த மண்டபம். ஆடு அடைக்கிற கிடை. பள்ளம் ஒன்று, மழைக்குத் தண்ணீர் நிற்குமாம், இப்போது நிற்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இவர்களுக்குள்ளேயே சண்டை. "மண்டபம் ஓடைக்கு இந்தப் பக்கம்லே." "ஏலே, நான் பொறந்து வளந்த ஊரு, எனக்குத் தெரியாதா?" கடைசியில் இரண்டு பேரும் வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முதல் ஆள் சொன்னதுதான் சரி.

இவர் நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் குரலை வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார். "நீங்க எந்த வீடு?" சொன்னதும் கையை அந்த அட்டை வீட்டின் மேல் வைப்பார். அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

சாதம் குழைந்துவிட்டது. கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வானம் மூடாக்கு. மழை இல்லை.

அண்ணாச்சி கிணற்றைச் சுற்றி உடைமுள் வெட்டிப்போட்டு வேலி அடைத்திருக்கிறார். கேட்டதற்கு, "ஆடு விழுந்துரும்னு" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

விடிகாலையில் இவர் எழுந்து கம்பை எடுத்தார். நானும் எழுந்தேன். "நீ வராதே" என்றார்.

வாசலில் நின்றேன். வளைவு வரைக்கும் தெரிந்தார், பிறகு தெரியவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் பொங்கி வழிந்தது. கோழியைத் திறந்துவிட மறந்து அது உள்ளே கத்திக்கொண்டே கிடந்தது. எத்தனை தடவை வாசலுக்குப் போனேன் என்று சொல்ல முடியாது. பின்னாலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் போல. போகவில்லை.

வந்துவிட்டார். வேட்டி ஓரமெல்லாம் முள். காலில் கீறல். முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி, "காப்பி ஆச்சா?" என்றார்.

"ஆச்சு."

அடுப்படிக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். இவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பள்ளிக்கூடம் போகிற பாதையை இன்னும் ஒட்டவில்லை. அது ஊருக்கு மறு கோடி. இவர் கேட்கவும் இல்லை. சோப்புப் பெட்டி தீர்ந்துவிட்டது. நூல்கண்டுப் பெட்டியில்தான் பாக்கி.

ரூத்துக்குச் சளி குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

புழுக்கம். கடைசிப் பீரியட், மூன்றாம் வகுப்புக்கு எழுத்து. கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிறேன், வகுப்பு திடீரென்று அமைதியாகிவிட்டது. மூன்றாம் வகுப்பு ஒருநாளும் தானாக அமைதியானதில்லை.

"டீச்சர், வாசல்ல ஒருத்தவுக வந்திருக்காக."

இவர்தான். சட்டை வேர்த்து ஊறி. கம்பு கையில். வேட்டியில் ஒரு பக்கம் சாணி. பாதைக்கு அட்டை ஒன்றும் நான் வைத்திருக்கவில்லை.

"எப்படி வந்தீக?" என்றேன்.

"கேட்டுக் கேட்டு. நடுவுல ஒரு வண்டி நிறுத்தியிருந்தான், முட்டிக்கிட்டேன். ஒரு மாடு படுத்திருந்துச்சு. உன் அட்டையில இல்லாததெல்லாம் வழியில கெடக்கு எஸ்தர்." சிரித்தார்.

பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்றார்கள், இழுத்து இழுத்து. இவர் குரல் வந்த பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக் கும்பிட்டார். எத்தனை பேர் என்று கேட்டார். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். கரும்பலகை எங்கே என்று கேட்டார்.

கையைப் பிடித்துப் பலகையில் வைத்தேன். தடவிப் பார்த்தார், ஓரம், மூலை, சட்டம் எல்லாம். "சாக்பீஸ் கொடு."

கொடுத்தேன். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு இவர் ஒரு எழுத்து எழுதி நான் பார்த்ததில்லை. பென்ஷன் காகிதத்துக்குக்கூட கைநாட்டுத்தான் வைத்தார். நான் எழுதலாமே என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

எழுதினார். இடது கை விரலைப் பக்கத்திலேயே ஊன்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக. கோடு இறங்கிக்கொண்டே போய் இரண்டாவது எழுத்து முதலாவதுக்குக் கீழே, கடைசி எழுத்து பலகையின் அடி ஓரத்தில்.

"படிங்க" என்றார் பிள்ளைகளைப் பார்த்து. பார்த்த மாதிரியே.

நான் பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். மூன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில்: "மா. சி. லா. ம. ணி. மாசிலாமணி!"

மணி அடித்துவிட்டார்கள். பலகையை அழிக்கவில்லை. நாளைக்கு லீவு, திங்கட்கிழமை வரை இருக்கும்.